போகிறவர்களுக்கான ஜெபம்

ஆண்டுக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, கோலாலம்பூரின் பழைய பேராலயத்தை எங்கள் ஆட்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் என்றால், நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலை விசாவில் வந்த எஞ்சினியர்களும் கணினிக்காரர்களும். வெள்ளைக்காரன் கட்டிய கோயில் பட்டுப்புடவையும் மல்லிகையுமாக நிறைந்துவிடும். ஊரில் ஆலயப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட இங்கே முன்வரிசைக்கு முண்டியடிப்பார்கள்.

ஆராதனை முடிவில், அந்த வருடத்தோடு ஊர் திரும்பும் குடும்பங்களைப் பீடத்தருகே நிற்கவைத்து ஜெபிப்பது வழக்கம். கைதட்டல் உண்டு, பெரிய கேக் உண்டு. மற்றவர்கள் நிற்பதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவள் நான். அப்பாவின் விசாவை நிறுவனம் புதுப்பிக்காததால் எங்கள் முறையும் வந்தது. எட்டு வயதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவுக்குப் போக மனமில்லை. அந்த வருடம்தான் தம்பி பிறந்து, எங்கள் அம்பாங் வீட்டுக்கு வராமலே மருத்துவமனையில் இறந்துபோயிருந்தான். செராஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருந்தோம். ஞாயிறுதோறும் அம்மா போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருவாள்.

"நாம போயிட்டா அவன ஆரு பாத்துக்கிடுவா?" என்று கேட்பாள்.

"வருஷத்துக்கு ஒருக்கா வருவோம்" என்பார் அப்பா. அது நடக்காது என்று இருவருக்கும் தெரியும்.

அன்று அம்மா காரைவிட்டு இறங்க மறுத்தாள். "அஞ்சு நிமிஷம் நின்னா போதும். இல்லன்னா ஆளாளுக்கு கேப்பாவ" என்று அப்பா கெஞ்சித்தான் அழைத்துவந்தார்.

ஜெபித்தவர் எங்கள் கூட்டத்தின் மூத்த அங்கிள். தம்பியின் அடக்கத்தில் பாட்டு எடுத்துக்கொடுத்தவரும் அவரேதான். வருடாவருடம் சொல்லி மனப்பாடமாகிவிட்ட ஜெபம். வாய் தன்பாட்டுக்கு ஓடியது.

"இந்த தேசத்துக்கு இவங்கள கொண்டுவந்த ஆண்டவரே, ஒருத்தரும் குறையாம திரும்ப கூட்டிட்டு போறீரே, உமக்கு ஸ்தோத்திரம்!"

அம்மா கண்ணைத் திறந்தாள். அப்பா கையைப் பிடிக்கப் போனார். உதறிவிட்டுப் படியிறங்கி, வாசலைப் பார்த்து நடந்தாள். அங்கிள் கண்மூடியபடியே ஜெபித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற உள்ளூர்த் தமிழ்ப்பெண் ஒருத்தி, மலேசியக்காரர்களின் 'லா' சேர்த்து, "அக்கா, வெளிய மழை லா, இங்கேயே உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்மா உட்காராமல் வாசலிலேயே நின்றாள்.

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. எல்லோரும் பார்க்கிறார்கள், இந்த அம்மா நமக்கென்று வந்த ஒருநாளையும் கெடுக்கிறாளே என்று கோபம். குடும்ப மானத்தை நானாவது காப்பாற்ற வேண்டாமா? கண்ணை இறுக மூடிக்கொண்டு, கோயிலிலிருந்த எல்லோரையும்விட உரக்க "ஆமென்" என்றேன்.

"நல்ல பிள்ளை" என்று அங்கிள் என் தலையைத் தடவினார். எதற்கு ஆமென் சொன்னேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. வாசல்வரை அது கேட்டிருக்கும்.