கொழும்பில் வந்த எங்கள் கல்யாண நாள்

சபையாரே, என் வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசாமல் இருந்த வருஷங்களில் நான் அழுத அழுகை ஆண்டவருக்குத் தெரியும். அதைத்தான் உங்கள் முன் சொல்ல எழுந்து நிற்கிறேன்.

பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. திருவிதாங்கூரில் இருந்த தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கிளர்ச்சி நடந்த காலம். என் கணவர் அதில் முன்னால் நின்றார். போலீஸ் அவரை அடித்து நெய்யாற்றின்கரையில் அடைத்துப் போட்டது. அவருடைய அண்ணன் கொழும்பில் தையல் கடையில் வேலை செய்தவர். அப்போது லீவில் வந்திருந்தார். தகப்பன் இறந்தபின் தம்பியை வளர்த்ததும், எங்கள் கல்யாணத்தை நடத்தி வைத்ததும் அவர்தான். ஜாமீனுக்கு நிற்கச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன். வேண்டாத வேலைக்குப் போனவன் அனுபவிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மறுநாளே கப்பலுக்குப் புறப்பட்டுவிட்டார்.

கணவர் வெளியே வந்தபோது இடது காது கேட்கவில்லை. இனி எனக்கு அண்ணன் கிடையாது என்றார். கொழும்பிலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்.

இந்த இரண்டு பேரும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை நான் காண வேண்டும். இதுவே என் ஜெபம். வருஷங்கள் போயின. ஜெபிக்கவே மனசு மரத்துப்போனது.

ஒரு மத்தியானம் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. எங்கள் சபை உபதேசியார் வாசித்துச் சொன்னார். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பிழைப்பது கடினம். கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரச்சீனிக் கிழங்கு விளைக்குப் போய்விட்டார். நான் அடுக்களையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவர் மனசைத் திருப்பும்" என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை.

சாயங்காலம் அவர் வாசலில் வந்து நின்றார். "நீயும் கூட வாறியா? ஒத்தைக்குப் போய் அவரு முகத்தப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல" என்றார்.

அனுமதிக் காகிதத்துக்காகப் பலர் மாதக்கணக்கில் அலைந்த காலம். எங்களுக்குத் தடையில்லாமல் கிடைத்தது. பிள்ளைகளை என் தங்கையிடம் விட்டுவிட்டு, தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் அண்ணன் எலும்பாகக் கிடந்தார். கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார், கிட்டே போகவில்லை. அண்ணன் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "இன்னைக்கு உங்க கல்யாண நாளாக்கும் மக்கா. மறந்துட்டியா?"

எங்களுக்கு நினைவே இல்லை. எங்கள் ஊரில் யார் அதைக் கொண்டாடுகிறார்கள்? அவரோ ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் எங்களுக்காக அங்கே ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு வந்திருக்கிறார். கடிதம் திரும்பி வந்த வருஷங்களிலும்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அம்மாள் இதைக் கேட்டு, போய்ப் பன்னும் தேநீரும் வாங்கி வந்தார். அண்ணன் பன்னைப் பிய்த்து எங்களுக்கு நீட்டினார். "உன்ன அங்க போட்டுட்டு வந்தது தப்புலே. என்னையும் அடிப்பானுவன்னு பயந்துட்டேன்" என்றார்.

கணவர் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு துண்டைத் தேநீரில் நனைத்து அண்ணனுக்கு ஊட்டிவிட்டு, மீதியைத் தான் சாப்பிட்டார். அண்ணன் பேசியது கேட்கும்படி, வலது காதை அவர் வாயருகே வைத்து வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

அண்ணன் பிழைக்க வேண்டும் என்றும் ஜெபித்தேன். அது கிடைக்கவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டார். அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தோம். பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியவர் என் கணவர்.

பின்னாளில் எல்லை வகுத்தபோது எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்டது. அவருக்கு அது தீராத வருத்தம். ஆனால் அதற்காக ஒருவரையும் பகைக்கவில்லை. கிளர்ச்சி நாட்களில் முகம் பாராதிருந்த பக்கத்து வீட்டு மலையாளக்காரரைத் தானே போய்க் கூப்பிட்டுப் பேசினார்.

கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதிக்கு நான் உயிரோடிருக்கும்வரை ஸ்தோத்திரம் செலுத்துவேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பகை இருந்தால் ஜெபத்தை விடாதேயுங்கள். ஆண்டவர் மனசைத் திருப்புவார். இன்றைக்கே, பேசாமலிருக்கிறவர் வீட்டுக்கு முதலில் போங்கள். உங்கள் வீட்டுக்கு அப்புறம் போகலாம்.