வேட்டியில் இறங்கிய புழு

வீரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் என் ஏழாவது வயதை எடுத்து விடுவேன். அந்த வயதில் எங்கள் தெருவையே ஒரு புழுவிடமிருந்து காப்பாற்றியவன் நான். காப்பாற்றிய விதம்தான் கொஞ்சம் கௌரவக் குறைவு. மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி அலறினேன்.

வெள்ளைக்காரன் காலம். ராசிபுரத்துப் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழித்தறி. கோடை பிறந்தால் யார் காலிலாவது நரம்புச் சிலந்தி வந்துவிடும். கணுக்காலில் கொப்புளம் கிளம்பி உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். அறுந்துபோனால் கால் பூசணிக்காயாக வீங்கும். கால் இல்லாமல் தறி மிதிப்பது எப்படி? போன கோடையில் சித்தப்பா விழுந்தார். அவர் தறி நின்றது. அவர் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வீட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தார்கள். அடுத்தது அப்பாவின் காலாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் அம்மாவின் கவலை.

“ஏனுங்க, தண்ணியத் துணியில வடிச்சுக் குடிச்சா வராதாமுங்க” என்று எங்கோ கேட்டு வந்து சொன்னாள்.

“சோத்தை வடிப்பாங்க, தண்ணிய வடிப்பாங்களா? அது சூட்டுக்கு வாரது புள்ள” என்று அப்பா சிரித்தார்.

அந்த வருஷம் கோடை பிறக்கும்போதுதான் சுகாதார இலாகா ஆசாமி ஒருவர், திரையில் படம் காட்டும் மாஜிக் லாந்தரோடு மாட்டுவண்டியில் வந்தார். படம் விழ வெள்ளைத் துணி வேண்டும் என்றார். அன்றைக்குத்தான் தறியிலிருந்து அறுத்த வேட்டியை அப்பா கொடுத்தார். புழுவைப் பார்க்க அவர் வரவில்லை. தம் வேட்டியை ஊரே பார்ப்பதைப் பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பொழுது சாய்ந்ததும் வேட்டியில் ஒரு மனிதன் தோன்றினான். கையில் சொம்பு. சொம்புத் தண்ணீரில், ஒற்றைக் கண்ணோடு ஒரு பூச்சி. அதன் வயிற்றுக்குள் குட்டிப் புழு. அவன் குடித்தான். அந்த ஆசாமி லாந்தரில் செருகியிருந்த கண்ணாடிப் பட்டை ஒன்றை விரலால் மெல்ல இழுத்தார். அவ்வளவுதான்! அவன் வயிற்றிலிருந்து ஒரு வெள்ளை நூல் புறப்பட்டு, தொடை வழியாக நெளிந்து நெளிந்து இறங்கி, கணுக்காலில் தலையை நீட்டியது. படம் நகரும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? கூட்டம் மொத்தமும் காலை மடக்கிக்கொண்டது.

நான் மட்டும் எழுந்து ஓடினேன். வரும் வழியில்தான் படிக்கிணற்றில் இறங்கி வயிறு முட்டக் குடித்திருந்தேன். அந்த ஆள் குடித்த மாத்திரத்தில் புழு கணுக்காலுக்கு வந்துவிட்டது என்றால், என் புழு இந்நேரம் முழங்காலைத் தாண்டியிருக்கும்! குடித்ததற்கும் புழு வெளிவருவதற்கும் நடுவே ஒரு வருஷம் இருக்கிறது என்று சுகாதார ஆசாமி பிற்பாடு விளக்கினாராம். எனக்கு எங்கே கேட்டது? நான்தான் ஓடிக்கொண்டே அலறிக்கொண்டிருந்தேனே.

வீட்டுக்கு வந்ததும் படுத்துக் காலைச் சுவரில் ஏற்றினேன். புழு கீழேதானே இறங்கும்? கால் மேலே இருந்தால் என்ன செய்யும்? பெருமையாக இருந்தது. மறுகணமே, அப்படியானால் அது தலைப்பக்கம் இறங்கி மூக்கு வழியாக வருமே என்று தோன்றியது. தலைக்கு இரண்டு தலையணை வைத்தேன். வழி தெரியாமல் நடுவிலேயே திண்டாடட்டும்!

மறுநாள் அப்பா வேட்டியை மடித்து வியாபாரிக்கு எடுத்து வைத்தார். அம்மா மூக்கைச் சுளித்தாள். “புழு ஓடுன வேட்டிய எந்த ஏவாரிங்க வாங்குவான்? தெருவே பாத்துருச்சே.” அப்பா யோசித்தார். அம்மா யோசிக்கவில்லை, வேட்டியை டர்ரென்று கிழித்து நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டிவிட்டாள்.

துணி வந்துவிட்டது, அப்பா வழிக்கு வரவில்லை. தறியிலிருந்து எழுந்தால், கண்ணுக்கு எதிரே இருக்கும் வடிகட்டாத குடத்தில்தான் சொம்பை விடுவார். அவர் சொம்பைத் தூக்குவார். உடனே என் இடுப்பில் சுருக்கென்று ஒரு கடி!

“ஐயோ, கடிக்குது! புழு கடிக்குது!”

“புள்ள பயந்து சாவுதுங்க. அவனுக்காகவாச்சும் வடிச்சதக் குடிங்களே” என்பாள், என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அம்மா.

அப்பா தலையிலடித்துக்கொண்டு சொம்பைக் கீழே வைப்பார். “இவனோட ஒரே ரோதனையாப் போச்சு.”

அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும்போதும் அம்மா என்னை அழைத்துப் போனாள். ஏழு வயதுத் தடியனை மடியில் வேறு உட்கார்த்திக்கொள்வாள். அங்கேயும் யாராவது சொம்பைத் தூக்கினால் புழு கடித்தது. நான் அலறிய அலறலில் அந்த வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து அலறின. நாலு வாரத்தில் தெருவில் வாய்கட்டாத குடமே இல்லை.

அடுத்த கோடையில் எங்கள் தெருவில் ஒரு தறியும் நிற்கவில்லை. சித்தப்பா தறியும் எங்கள் தறியும் போட்டி போட்டு அடித்தன. சுகாதார ஆசாமி லாந்தரோடு மறுபடி வந்தார். “இந்த வருஷம் யார் காலிலே சிலந்தி?” என்றார். பக்கத்துத் தெருக்காரர்கள் நொண்டி நொண்டி முன்னே வந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் அசையவில்லை. அவர் நம்பாமல் குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தார். அத்தனையும் தறி மிதிக்கும் கால்கள்.

“எப்படி ஐயா இது?”

நான் எழுந்து நின்று நெஞ்சை நிமிர்த்தினேன். “நாந்தானுங்க. காலைச் சுவத்துல வெச்சிருந்தேன்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால், அம்மா மட்டும் கண்ணில் நீர் வர முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வருஷமும் புழு கடித்த இடத்தை அடிக்கடி தடவிப் பார்ப்பேன். எப்போதும் அம்மா உட்காரும் பக்கத்து இடுப்பில்தான் கடித்திருக்கும். எதிரும் புதிருமாகப் பிறைநிலா மாதிரி இரண்டு தடம். புழுவுக்கு நகம் கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.