எல்பா சுபெல்தியாவும் பன்னிரண்டு பழைய துப்பாக்கிகளும்

எங்கள் பட்டறையில் எல்பா சுபெல்தியாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பாஸ்க்காரி' என்பார்கள். அப்பா வழியில், பிடிவாதத்துக்குப் பேர்போன பாஸ்க் இனத்து ரத்தம் என்பது ஒரு காரணம். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது பெரிய காரணம். பரனா ஆற்றங்கரையில் இருந்த அந்த ராணுவப் பட்டறையில் அவள் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் சார்ஜென்ட். நான் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்ட சிவிலியன்.

பழைய துப்பாக்கிகளை மாற்றியமைக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது அவள் வாயால்தான். ஒருநாள் கூட்டத்தில் கேப்டன் அர்ரெச்சியா புலம்பினார். "ஒவ்வொரு பிரிவுலயும் ஒருத்தர் மத்தவங்களைவிட தூரமா, குறி தப்பாம சுடணுமாம். அதுக்குப் புதுத் துப்பாக்கி மட்டும் தரமாட்டாங்களாம்."

"பழைய ஃபால் துப்பாக்கியே போதும் கேப்டன்" என்றாள் எல்பா. "மேல குறி பாக்க ஒரு ஸ்கோப்பு, முன்னால ரெண்டு கால், கன்னம் சாய ஒசரமா ஒரு கட்டை. வெச்சா சுடும்."

"அப்ப நீயே வெச்சுக் குடு. பன்னிரண்டு."

ஃபால் துப்பாக்கி எங்கள் ஊரில் யாருக்கும் புதிதில்லை. கட்டாய ராணுவ சேவைக்குப் போன ஆண்கள் எல்லோரும் அதைச் சுமந்து தோள் வலித்தவர்கள்தான். கனமானது, ஆனால் குண்டு நெடுந்தூரம் போகும். சங்கடமெல்லாம் அதன் மேல்மூடியில். ஸ்கோப்பை உட்காரவைக்கத் தோதான இடம் அது ஒன்றுதான். அதுவோ சுத்தம் செய்யும்போது இழுத்துக் கழற்றுகிற மெல்லிய தகடு. மூடி ஆடினால் ஸ்கோப் ஆடும், ஸ்கோப் ஆடினால் குறி போச்சு.

கெட்டியாக, இறுக்கமாக ஒரு மூடி கடைந்து தரும்படி துலியோவிடம் கேட்டாள். துலியோ எங்கள் கடைசல் இயந்திரக்காரர். வாயில் எப்போதும் அணைந்த சிகரெட், பக்கத்தில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவை. எல்பாவும் அவரும் ஒரே குழலில் மாறி மாறி மாத்தே உறிஞ்சி பத்து வருஷம் ஆகியிருந்தது.

முதல் மூடி வந்தது. தீவுப் பக்கத்துச் சுடுதளத்தில் கொசுக்கடியில் படுத்துச் சுட்டாள். ஐந்து குண்டும் ஒரே இடத்தில். மூடியைக் கழற்றி மாட்டிச் சுட்டாள். ஒரு சாண் இடப்பக்கம் போயிற்று. துலியோ இரண்டாவது மூடி கடைந்தார். இந்தத் தடவை கழற்றாமலே குறி நகர்ந்தது. மூன்றாவதில் மேலே போயிற்று.

"யோவ் துலியோ, ராத்திரி குடிச்சிட்டு வந்து கடையறியா? கை நடுங்குதா?" என்று பட்டறை நடுவில் நின்று கத்தினாள்.

துலியோ இயந்திரத்தை நிறுத்தினார். "என் கை நடுங்குதா? உன் கண்ணைப் போய்க் காட்டு பாஸ்க்காரி. நாலாவது மூடி வேணும்னா வேற ஆளைப் பாரு."

அன்றிலிருந்து அவர் குடுவையை எடுத்துக்கொண்டு என் கிடங்குக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். எல்பா தனியாக மாத்தே குடித்தாள். இருவருக்கும் நடுவில் நான் அரத்தையும் ஸ்க்ரூவையும் சுமந்துகொண்டு அலைந்தேன். கேப்டனோ வந்து வந்து, "கறுப்புப் பெயின்டாவது அடி. பார்க்கப் புதுசா இருந்தாத்தான் மேலிடம் கையெழுத்துப் போடும்" என்பார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனாலும் அவர் போனதும் எல்பா துடைப்பத்தை எட்டி உதைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டில் அசாதோ, தணலில் இறைச்சி வாட்டும் விருந்து. இறைச்சி வேகிற நேரத்தில், காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிற அத்தானின் துப்பாக்கியில் அந்த ஸ்கோப்பைப் பொருத்தி, கொல்லைப்புற வயலில் சுட்டுப் பார்த்தாள். நான்கு குண்டு நான்கு திசையில் போயிற்று. ஸ்கோப்பைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே ஏதோ ஆடியது.

அந்த ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்தவள் அவளேதான். மறுநாள் காலை என் கண்ணெதிரே துலியோவிடம் போய் நின்றாள்.

"மூடி சரியாத்தான் இருக்கு. ஸ்கோப்புதான் கோளாறு."

"என்ன? இயந்திரம் ஓடுது, காது கேக்கல."

"தப்பு என்னோடதுய்யா!"

"இன்னும் கேக்கல."

அவள் எட்டிப் பொத்தானை அமுக்கி இயந்திரத்தை நிறுத்தினாள். "மன்னிச்சுக்கோ. போதுமா? ஆனா முதல் மூடி லூசுதான், அதை ஒத்துக்கோ."

துலியோ சிகரெட்டை வாயின் மறுபக்கம் தள்ளினார். "அது கொஞ்சம் லூசுதான்" என்று குடுவையை நீட்டினார்.

நல்ல ஸ்கோப்புகள் வர அந்தக் குளிர்காலம் முழுக்கப் போயிற்று. பன்னிரண்டையும் முடித்தாள். மேலிடத்துக் குழு வந்தது. ஐந்நூறு மீட்டரில் இரும்புத் தகடு டங் டங் என்று ஒலித்தது. கைதட்டினார்கள், வடக்கே ஒரு ரெஜிமெண்டுக்குத் துப்பாக்கிகளை அனுப்பினார்கள். எல்பா அன்று வாங்கி வந்த இனிப்பு ரொட்டியில் பாதியைத் துலியோவே தின்றார்.

கோடையில், அவற்றைச் சரிபார்க்க அந்த ரெஜிமெண்டுக்குப் போனாள். பன்னிரண்டும் பெட்டிக்குள் கிடந்தன. ஒன்றிலும் ஸ்கோப் இல்லை.

"கர்னல் அலமாரியில பத்திரமா இருக்கு" என்றார் கிடங்கு சார்ஜென்ட். "உடைஞ்சா நான்தானே பதில் சொல்லணும்? ஆய்வுக்கு ஆள் வந்தா எடுத்து மாட்டுவோம்."

"எது எந்தத் துப்பாக்கியோடதுன்னு குறிச்சு வெச்சிருக்கீங்களா?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?"

சுடுவதற்கென்று தேர்ந்தெடுத்திருந்த கார்ப்பொரல் ரொசென்டா கைமாரேயைக் கேட்டாள். "நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட இதுல சுடலை சார்ஜென்ட். துடைக்க மட்டும் குடுப்பாங்க" என்றாள் அவள்.

எல்பா கிடங்குக்குத் திரும்பிப் போனாள். சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி ஸ்கோப்புகளை வாங்கினாள். ரொசென்டாவையும் மற்றவர்களையும் சுடுதளத்தில் படுக்கவைத்து, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் குறியைச் சரிசெய்தாள். பிறகு ஸ்க்ரூக்களில் பசை விட்டு முறுக்கி, திருப்புளி பிடிக்காதபடி தலைகளை அரத்தால் மழமழவென்று ராவிவிட்டாள். இனி மூடியோடுதான் ஸ்கோப் கழலும். மூடி இல்லாமல் துப்பாக்கி சுடாது, அதனால் ஸ்கோப்பை மட்டும் அலமாரியில் பூட்ட முடியாது.

கர்னல் கொதித்துப் போனார். அரசாங்கப் பொருளைச் சேதப்படுத்தியதாகக் கண்டனம் வந்தது, அந்த வருஷப் பதவி உயர்வும் போயிற்று. ஸ்கோப்போடு அவை பெட்டியில் அடங்காததால் சுவரோரம் சட்டத்தில் நிறுத்தினார்களாம். மாதம் ஒருமுறையாவது சுடக் கொடுக்கிறார்கள் என்று ரொசென்டா போனில் சொன்னாள்.

அடுத்ததாக இன்னொரு பன்னிரண்டு செய்வதாக இருந்தது மட்டும் நடக்கவேயில்லை. புதுத் துப்பாக்கி வாங்கப்போகிறோம், பழையதைத் தொடாதே என்று உத்தரவு வந்துவிட்டது. புதுசும் வரவில்லை. எல்பா இப்போது ஜீப்புகளின் பிரேக்கைப் பார்க்கிறாள். கேப்டன் பட்டறைக்குள் வந்தால், வாயைத் திறந்து இன்னொரு வேலையை இழுத்துவிட்டுக்கொள்ளாதபடி, அவள் ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை நீட்டுவதில்லை.