சரிவில் யார் முன்னால் நிற்பது

ஒரகடம் கம்பெனியில் என் வேலை, இரும்புச் சாமான் ஏற்றிய ட்ராலியை ஒரு ஷெட்டிலிருந்து அடுத்த ஷெட்டுக்குக் கொண்டுபோவது. பின்னால் தள்ளுவது நான். முன்னால் கைப்பிடியைப் பிடித்து இழுப்பது வல்லத்திலிருந்து வரும் ஓர் அக்கா. இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் ஒரு சரிவு. லோடோடு அதில் இறங்குவதென்றாலே எனக்குப் பயம்.

முன்பெல்லாம் எல்லா ட்ராலிக்கும் ரப்பர் வீல்தான். தள்ளுவதற்குள் உயிர் போகும். ஞாயிறு முழுக்க லோடோடு நின்றால் திங்களன்று அடிப்பக்கம் தட்டையாகி டக்டக்கென்று இடிக்கும். பச்சைப் பெயிண்ட் தரையில் கறுப்புக் கோடு போடும். தின்னர் ஊற்றித் துடைப்பதும் நாங்கள்தான். ஆனால் சரிவில் தரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும். அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் சூப்பர்வைசர் பி.யூ. வீல் கொண்டுவந்தார். பாலியூரிதேனாம். மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. காலி ட்ராலியில் மாட்டி, சமதரையில், எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். ஓடியது. கை தட்டினார்கள்.

"சார், லோடு ஏத்தி சரிவுல பாத்தீங்களா?" என்றேன்.

"ஒம்போதாவதோட நின்னவ நீ. எனக்கு வீல் சொல்லிக் குடுக்கிறியாமா?"

முதலில் சிரித்தது அக்காதான். "இவ தூக்கத்துலயே பயப்படறவ சார். நீங்க மாட்டுங்க. எனக்குத் தோளு கழண்டு போயிக்கீது."

உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு விரலுக்கே ஓடுவது, சரிவில் என் ஒருத்தி பிடிக்கு நிற்குமா? நிற்காவிட்டால் யார் காலில் ஏறும்? இதோ, இந்தச் சிரிக்கிறவள் காலில்தான்.

பயம் முற்றினால் எனக்கு வாய் நீண்டுவிடும். "சரி சார், லோடு ஏத்தறேன். பின்னாடி நான் புடிக்கிறேன். அக்கா நிக்கிற எடத்துல நீங்க நில்லுங்க."

ஏற்றினோம். விட்டுக்கொடுக்க முடியாமல் அவரும் வந்து முன்னால் நின்றார். சரிவின் விளிம்பில் முன் சக்கரம் இறங்கியதுமே, நான் தள்ளாமலே ட்ராலி நகர்ந்தது. பின்னுக்கு இழுத்தேன். என் ஷூ தரையில் இழுபட்டுக்கொண்டே போனது. அவர் ட்ராலியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், சட்டென்று பக்கத்தில் தாவி ஒதுங்கிவிட்டார். இரண்டு பேர் ஓடிவந்து பிடித்து நிறுத்தினார்கள்.

"இன்னா சார், நவுந்துட்டீங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அவர் திரும்பி என்னை முறைத்தார். அந்தப் பார்வை இன்னும் மாறவில்லை.

சமதரை ட்ராலிகளுக்கெல்லாம் பி.யூ. மாட்டினார்கள். எங்கள் ட்ராலிக்கு மட்டும் ரப்பர்.

"அவளுங்கல்லாம் ஒத்த விரல்ல தள்றாளுங்க. உன்னாலதான்டி நான் மாடு மாதிரி இழுத்துக்கினு கீறேன்" என்றாள் அக்கா. அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். டீ நேரத்தில் வேறு பெஞ்சில் போய் உட்காருகிறாள். உட்காரட்டும். நானும் சமாதானம் பேசப் போகவில்லை.

சரிவில் இறங்கும்போது மட்டும் ட்ராலித் தட்டுகளின் சந்து வழியாக அவளுடைய இரண்டு குதிகால்களையும் பார்த்துக்கொண்டே வருகிறேன்.