சேலை கட்டிய நண்டு

ரூ பெர்தொனே என்ற பிரெஞ்சுத் தெருவில் நாங்கள் சாப்பாட்டுக் கடை திறந்தது 2012இல். அந்தக் குளிர்காலம் முழுக்க என் கணவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் குந்தியிருந்து ஒரு நண்டு செய்தார். கம்பியை வளைத்து, மெத்ரோ ரயில் நிலையத்தில் சும்மா கொடுக்கும் பேப்பரை மாப்பசையில் தோய்த்து ஒட்டி, மேலே பிளாஸ்டர் பூசினார். நண்டு என்று நான்தான் சொல்கிறேன். உடம்பு நண்டு, வால் சிங்கி இறால், மீசை வேறு ஏதோ. உயரம் என் தோள்வரை. கடவுள் இப்படி ஒன்றைப் படைத்திருந்தால் நாங்கள் ஒருவரும் கடலில் கால் நனைத்திருக்க மாட்டோம்.

"நண்டுக்கறி இருக்கு எண்டு ஒரு போர்டிலை எழுதினால் காணாதே?" என்று கேட்டேன்.

"எழுத்தை ஆர் நிண்டு வாசிக்கினம்?" என்றார்.

ஒரு மேசை போடக்கூடிய இடத்தை அது பிடித்துக்கொண்டது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூக்கி எறியச் சொல்லி நச்சரித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது வாசலால் போகாது. உள்ளே வைத்தே செய்த மனுசன் கதவை அளந்து பார்க்கவில்லை.

கோடை முடியும் நேரம் எங்கள் தெருவால் பிள்ளையார் தேர் வரும். அன்றைக்குக் கடைக்காரர்கள் வாசலைக் கழுவி, கும்பம் வைத்து, தேங்காய் அடுக்குவார்கள். மீன், இறைச்சி எங்கேயும் கிடையாது. தேருக்கு முதல்நாள் பக்கத்து நகைக்கடை அண்ணை வந்தார். தெருவில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

"தங்கச்சி, சுவாமி வாற பாதையிலை இந்த மச்சச் சாமானோ? வெளியாலை எடுக்கேலாட்டி உடையுங்கோ."

கணவர் நண்டின் முதுகில் இருந்த தூசியைக் கையால் துடைத்துக்கொண்டு நின்றார். சண்டை பிடித்திருந்தால் நானே சுத்தியலை எடுத்துக் கொடுத்திருப்பேன். அந்தத் துடைப்பு என்னை ஏதோ செய்துவிட்டது.

"நாளைக்கு அது உங்கடை கண்ணிலை படாது அண்ணை" என்று சொல்லிவிட்டேன்.

விடிந்ததும் என் கூறைச்சேலையை எடுத்து அதற்குச் சுற்றினேன். துணி மூட்டை மாதிரி இருந்ததால், கழுத்து என்று நான் நினைத்த இடத்தில் ஒரு மாலையும் போட்டேன். மாலைதான் பிழையாகிப் போனது. மோர் குடிக்க உள்ளே வந்த சனம் அம்மன் என்று நினைத்துக் கும்பிடத் தொடங்கிவிட்டது. ஒருவர் கற்பூரமே கொளுத்தினார். சிரிப்பை அடக்க நான் குசினிக்குள் ஓடவேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது நகைக்கடை அண்ணையும் அதன் முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். மேளச் சத்தம் நெருங்கியது. தேர் பார்க்க எல்லோரும் வாசலுக்கு இடிபட்டதில் சேலை நழுவி, ஒரு சிவப்புக் கொடுக்கு வெளியே வந்தது. அண்ணை கண்ணைத் திறந்தார். கொடுக்கைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். கணவர் நண்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

தேர் எங்கள் வாசலில் வந்து நின்றது. குளிர்காலம் முழுக்க அந்தச் சனியனைத் திட்டித் தீர்த்த நான், பிள்ளையாரைப் பார்த்து, "அப்பனே, இந்த மனுசன் செய்ததை ஒருத்தரும் உடைக்கக் கூடாது" என்று வேண்டினேன். அழுகை வந்துவிட்டது.

அண்ணை முந்தானையை இழுத்துக் கொடுக்கை மூடினார்.

"சேலைக்கு ஒரு பின் குத்திவிடுங்கோ தங்கச்சி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தேங்காய் உடைக்கப் போனார்.