கைமாற்றாய்ப் போன மாத்திரை

எங்கள் சத்தியவேடு பக்கத்தை ஆந்திராவோடு சேர்த்த வருடம்தான் என் கழுத்தில் கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு. வலியே இல்லை. வலிக்கவில்லையே என்று வீட்டுக்காரர் நிம்மதியாக இருந்தார். எல்லைக்கோடு போட்டவர்களையே நம்பாதவள் நான், கட்டியையா நம்புவேன்?

திருப்பதி ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சோதித்துவிட்டு, லிம்போமா (நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய்) என்றார்கள். எழுதிக் கொடுத்தது பிரெட்னிசோலோன் (வீக்கத்தை அடக்கும் மாத்திரை). பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நாத்தனார் காமாட்சி முட்டிவலிக்கு விழுங்குகிற அதே மாத்திரை!

"மூட்டுவலி மாத்திரையக் குடுத்து ஊட்டுக்கு அனுப்புறீங்களே, நான் போயிடுவேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்று டாக்டரைக் கேட்டேவிட்டேன்.

அவர் தெலுங்கர். "காதம்மா, அப்படி இல்ல. முட்டிக்கு வந்த மருந்துதான். இந்தக் கட்டியையும் கரைக்குதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்களா நிறுத்தக் கூடாது."

நான் நம்பவில்லை. கட்டி கரைந்தது. அதையும் நம்பவில்லை, தானாகக் கரைந்திருக்கும் என்றேன். அந்த மாத்திரையால் முகம் பூரி மாதிரி உப்பியது. "புத்துநோய்க்காரியா இவ? துன்னு துன்னு கொழுத்துக்கினு கீறா!" என்று தெருவில் பேசினார்கள். பாவிகள், என் நோயையே சந்தேகப்பட்டார்கள்.

எங்கள் தெருவில் புளி, மிளகாய், எண்ணெய் எல்லாமே கைமாற்று. நான் தூங்கும்போது காமாட்சி தன் அண்ணனிடம் வந்திருக்கிறாள். "எனக்குத் தீந்துபூச்சு அண்ணா. அண்ணியுதும் அதே மாத்திரதான? குடு, சந்தைக்குப் போய் வாங்கியாந்து தந்துடறேன்." அவரும் புட்டியோடு கொடுத்துவிட்டார்.

கட்டிதான் கரைந்துவிட்டதே, சந்தை வரை பொறுக்கலாம் என்று நானும் விட்டுவிட்டேன். சந்தை நாள் வருவதற்குள் படுத்துவிட்டேன். எழுந்தால் கண் இருட்டியது. குடித்த கஞ்சி தங்கவில்லை. கழுத்தைத் தொட்டேன். கட்டி திரும்பத் தலைதூக்கியிருந்தது.

"ஐயோ அண்ணி, இது உன் உசுருன்னு தெரியாம துன்னுட்டேனே!" என்று காமாட்சி கதறினாள். அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

வண்டி பிடித்துத் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு சரிந்துவிடும் என்று டாக்டர் கத்தினார். உங்களுக்கும் இதே மாத்திரை என்றால் இதை மறக்காதீர்கள். மறுபடி மாத்திரை உள்ளே போய்த் தெளிந்ததும், "இந்த மாத்திரை எவ்ளோ நாளுக்குத் தாங்கும்?" என்று கேட்டேன்.

"தாங்குற வரைக்கும் தாங்கும்மா."

அவர் சொன்னதில் அதை மட்டும் உடனே நம்பினேன்.

இப்போது கட்டி இல்லை. விடிந்ததும் கை முதலில் கழுத்துக்குத்தான் போகிறது. அங்கே கட்டி இல்லையென்றால் சாயங்காலம் வரை எனக்குப் பொழுது உண்டு. அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்து வைக்கட்டுமா என்று வீட்டுக்காரர் நேற்றுக் கேட்டார். வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். கை மட்டும் கழுத்தைவிட்டு இறங்கவில்லை.