பட்டியலில் ஒரு பெயர்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இன்று ஒரு கிராமத்துக்கு நிர்வாக அலுவலர். அந்தப் பெருமையை மறைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை கொட்டி சம்பா முழுக்கச் சாய்ந்தது. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். பட்டாவில் இருக்கும் பெயரை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. நான் அப்படிச் செய்யவில்லை. சேற்றில் இறங்கி, உழுகிறவர் யாரென்று விசாரித்து எழுதினேன்.

வாய்க்கால் ஓரத்து ஐந்து மா நிலம், சென்னையில் இருக்கும் ஒருவருடையது. குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தது ஓர் அம்மாள். அழுகிய கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். எதற்கென்று சொல்லவில்லை. நல்ல சேதி தானாகப் போய்ச் சேரட்டும் என்றிருந்தேன்.

மறுநாள் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டிய அரைமணி நேரத்தில், யாரோ சொல்லி, அந்த அம்மாள் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"என் பேரை எடுத்துடுங்க மேடம்."

"பணம் உங்களுக்குத்தாம்மா வரும்."

"ஒரு தடவை வரும். என் பேரு சர்க்கார் தாள்ல ஏறிட்டா, நாளைக்கு நிலத்துல பாத்தியதை கேப்பேன்னு நிலத்துக்காரரு பயந்துடுவாரு. அடுத்த போகத்துக்கு வேற ஆளைப் பார்ப்பாரு. போன தடவை அவரு பேருக்கு வந்த பணத்துல பாதியை எனக்குக் கொடுத்துட்டுத்தான் போனாரு. சர்க்காருக்கு எங்க மேல இவ்வளவு பாசம் வேண்டாம்மா."

சட்டம் உங்கள் பக்கம் என்றேன். "சட்டம் வந்து நாத்து விடுமா?" என்றார்.

வெளியே போய் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவரும் குத்தகைக்காரர்தான்.

"நம்ம பேரு என்னைக்காவது அடங்கல்ல, யாரு பயிர் வெச்சாங்கன்னு எழுதற கணக்குல, இருந்துச்சாப்பா?"

"எதுக்கு இருக்கணும்? இல்லாததாலதான் இருபது வருஷம் அந்த நிலத்தை விட்டு எவனும் என்னைக் கிளப்பல. நீ காலேஜ் போனது எதுல? ஆபீசரம்மாவுக்கு இப்பதான் கேக்கத் தோணுதா?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய்யான ஒரு பதிவேடுதான் என்னைப் படிக்க வைத்திருக்கிறதா? அப்படியென்றால் நான் நேற்று எழுதியது நியாயமா, திமிரா?

உள்ளே வந்து அந்த அம்மாள் பெயரை அடித்தேன். சென்னைக்காரர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, புதுப் பட்டியலை ஒட்டினேன். அம்மாள் அதைத் தன் போனில் படம் எடுத்தார், சென்னைக்கு அனுப்ப. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது மேடம். மேலேருந்து ஒருதரம் படிச்சுச் சொல்லுங்க. என் பேரு எங்கயும் இல்லியே?"

ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தேன். கடைசிப் பெயர் வரைக்கும் அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைம்மா," என்றேன்.

"நீங்க நல்லா இருக்கணும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எதற்கு அந்த நன்றி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.